புதிய முட்டை ஏன் உரிய மறுக்கிறது?

இன்று காலை வீட்டுக் கோழி இட்ட முட்டையை அவித்து உரித்துப் பாருங்கள். ஓட்டின் ஒவ்வொரு துண்டும் வெள்ளைக்கருவைக் கொஞ்சம் பிய்த்துக்கொண்டுதான் வரும். கடையில் வாங்கி ஒரு வாரம் கூடையில் கிடந்த முட்டையோ இரண்டு தட்டுத் தட்டினால் வழுவழுவென்று வெளியே வந்துவிடும். மீன், கீரை, பால் எதுவானாலும் புதியதைத்தான் தேடி வாங்குகிறோம். முட்டையில் மட்டும் இது ஏன் தலைகீழாகிறது?

குழம்புக்கு முட்டை உரிப்பவர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மேடும் பள்ளமுமான முட்டையைக் குழம்பு மூடிவிடும். டெவல் முட்டையில் அந்த வசதி கிடையாது. முட்டையை நீளவாக்கில் பிளந்து, மஞ்சள் கருவை எடுத்து, உறைப்பும் புளிப்புமாகப் பிசைந்து, மீண்டும் அதே வெள்ளைக் குழியில் வைக்க வேண்டும். அங்கே வெள்ளைக்கருதான் பாத்திரம். அது கிழிந்தால் பண்டமே இல்லை.

இந்த அத்தியாயத்துக்கான அடுப்பை மாத்தளை மாவட்டத்து எல்கடுவையில் மூட்டுவோம். வத்தேகமவிலிருந்து தேயிலை மலைகளின் ஊடே ஏறிவரும் பாதையில், ஹுன்னாஸ் நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3000 அடி உயரத்தில் இருக்கிறது இந்த ஊர். லயத்தோரம் மேயும் கோழியின் முட்டை சூடு ஆறுமுன்பே சட்டிக்கு வந்துவிடக்கூடிய இடம். தண்ணீரும் கொழும்பில் கொதிப்பதுபோல் இங்கே கொதிப்பதில்லை. மிளகுக்கோ பஞ்சமே இல்லை. நமக்கு வேண்டிய சிக்கல்கள் எல்லாம் ஒரே வீட்டில் கிடைக்கின்றன.

எந்த டெவல்?

இலங்கையில் டெவல் என்று கேட்டால், வெங்காயமும் கறிமிளகாயும் தக்காளி சோஸும் சேர்த்துப் பெருந்தீயில் பிரட்டிய கோழியோ இறாலோதான் மேசைக்கு வரும். அவித்த முட்டையையும் அப்படிப் பிரட்டுவதுண்டு. நாம் பேசப்போவது அதுவல்ல. மஞ்சளை மசித்து நிரப்பும் முட்டை. அமெரிக்க விருந்துகளில் அது தவறாமல் இருக்கும். ஆனாலும் அமெரிக்கா பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே, 13ஆம் நூற்றாண்டில், இன்றைய தென் ஸ்பெயின் முஸ்லிம் ஆட்சியில் இருந்தபோது எழுதப்பட்ட சமையல் நூலொன்றில் இதன் மூதாதை இருக்கிறது. மஞ்சள் கருவைக் கொத்தமல்லி, வெங்காயச் சாறு, மிளகு, எண்ணெய் ஆகியவற்றோடு இடித்து, திரும்பவும் வெள்ளைக்குள் அடைத்து, இரு பாதிகளையும் ஒன்றாகச் சேர்த்துக் குச்சியால் கோத்தார்கள். அந்த ஊர்ச் சமையற்காரர்களும் உரிக்கும்போது நிச்சயம் சலித்துக்கொண்டிருப்பார்கள்.

ஓட்டில் உள்ள வாசல்கள்

முட்டை ஓடு பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. சுண்ணாம்புக் கல்லும் அதே பொருள்தான். கல்லைப் போல அடைபட்டது என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஏறக்குறைய பத்தாயிரம் அதில் இருக்கின்றன. உள்ளே குஞ்சு வளர்ந்தால் அது மூச்சு விட வேண்டுமே. குஞ்சு இல்லாத முட்டையும் அதே துளைகள் வழியாக இரண்டு பொருள்களை இழந்துகொண்டே இருக்கிறது. ஒன்று நீராவி. மற்றது காபனீரொட்சைட்டு வாயு.

நீராவி போவதைப் பாட்டிமார் அறிவார்கள். முட்டையைத் தண்ணீரில் போட்டுச் சோதிப்பதன் அடிப்படை அதுதான். நீர் குறையக் குறைய, முட்டையின் பருத்த முனையில் உள்ள காற்றறை பெரிதாகிறது. புதிய முட்டை அடியில் படுத்துக்கிடக்கும். சில நாள் ஆனது முனையை உயர்த்தி நிற்கும். மிகப் பழையது மிதக்கும்.

காபனீரொட்சைட்டு போவது வெளியே தெரியாது. ஆனால் இந்த அத்தியாயத்தின் கதை முழுவதையும் நடத்துவது அதுதான். கோழியின் உடலிலிருந்து வரும்போது வெள்ளைக்கருவில் அந்த வாயு கரைந்திருக்கும். அன்றிட்ட முட்டையை உடைத்தால் வெள்ளை சற்றுக் கலங்கலாகத் தெரிவது அதனால்தான். கரைந்த காபனீரொட்சைட்டு ஒரு மென்மையான அமிலம். அது வெளியேற வெளியேற வெள்ளைக்கரு அமிலத்துக்கு எதிர்ப்பக்கம் நகர்கிறது, அதாவது காரத்தன்மை ஏறுகிறது. இந்தக் காரம் நாக்கில் எரியும் உறைப்பு அல்ல. சவர்க்காரமும் சாம்பலும் சேர்ந்த வகை.

இதை அளக்கப் பள்ளிக்கூடத்தில் படித்த பீ.எச். பெறுமானம் போதும். 7 நடுநிலை, அதற்கு மேல் காரம், ஒவ்வோர் எண்ணும் பத்து மடங்கு. புதிதாக இட்ட முட்டையின் வெள்ளை ஏறக்குறைய 7.6இல் இருக்கும். வெளியே வைத்தால் சில நாட்களில் 9.2 வரை ஏறிவிடும். இரண்டு எண்களுக்கும் இடையே வித்தியாசம் சிறியதாகத் தோன்றினாலும், காரத்தன்மையில் அது நாற்பது மடங்கு ஏற்றம். அப்பச்சோடாவைக் கரைத்த நீரே 8.3 அளவில்தான் நிற்கும். ஒரு வாரத்து முட்டையின் வெள்ளை அதைவிடக் காரமானது. நாம் தினமும் உண்ணும் பொருள்களில் இப்படி ஒன்று அரிது.

ஒட்டுவது எது, எதோடு?

ஓட்டுக்கு உட்புறம் இரண்டு மெல்லிய சவ்வுகள் உண்டு. உரிக்கும்போது ஓட்டோடு சேர்ந்து வரும் வெள்ளைத் தாள் அதுதான். வெள்ளைக்கருவின் புரதங்கள் அவியும்போது கட்டவிழ்ந்து, அருகில் அகப்பட்டதைப் பற்றிக்கொள்கின்றன. இதைப் புரத அவிழ்வு என்று இந்த நூலில் அழைப்போம். சுருட்டி வைத்த நூற்பந்துகள் பல ஒரே கூடையில் பிரிந்துவிட்டால் எப்படி ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளுமோ, அப்படியே இந்தப் புரதங்களும் சிக்கி, நீரையும் உள்ளே பிடித்துக்கொண்டு கெட்டியாகின்றன. பச்சையாக இருந்தபோது கண்ணாடி போலிருந்தது வெண்மையாவது அந்தச் சிக்கலில் ஒளி சிதறுவதால்.

பற்றிக்கொள்வதற்கு அவற்றுக்கு இரண்டு துணைகள்: பக்கத்துப் புரதம், அல்லது சவ்வு. புதிய முட்டையில், அதாவது பீ.எச். குறைவாக உள்ள நிலையில், சவ்வோடு உள்ள பிடி தமக்குள் உள்ள பிடியைவிட வலுவாகிவிடுகிறது. இழுத்தால் வெள்ளைதான் கிழியும். காரத்தன்மை ஏறும்போது சவ்வுப் பிடி தளர்கிறது. பெறுமானம் 8.7 அளவைத் தாண்டியபின் முட்டை ஒழுங்காக உரிய ஆரம்பிக்கிறது.

ஆகவே முட்டையின் வயது என்று நாம் சொல்வது நாட்காட்டிக் கணக்கு மட்டுமல்ல. வாயு எவ்வளவு போயிற்று என்பதே கணக்கு. தாழ்நிலத்து வெக்கையில் அது விரைவாகப் போகும். எல்கடுவையின் குளிரில் மெதுவாகப் போகும். குளிர்சாதனப் பெட்டியில் அதைவிட மெதுவாக. ஓட்டில் எண்ணெய் பூசினால் துளைகள் அடைபட்டு அங்கேயே நின்றுவிடும். எண்ணெய் பூசிய முட்டை அதிக நாள் கெடாது. உரிப்பதற்கும் அதிக நாள் சிரமம் தரும்.

அப்படியானால் ஒரு வாரம் காத்திருந்தால் போயிற்றே?

மஞ்சள் நடுவில் நிற்க வேண்டும்

குழம்புக்கென்றால் காத்திருங்கள். டெவல் முட்டைக்கென்றால் அவசரப்பட்டு அப்படி முடிவெடுக்க வேண்டாம்.

மஞ்சள் கருவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. அதனால் அது வெள்ளையைவிட இலேசானது. விட்டால் மேலே மிதந்து ஓட்டோரம் போய் ஒட்டும். அதை நடுவில் நிறுத்துபவை இரண்டு. இரு பக்கமும் முறுக்கிய கயிறுபோல உள்ள வெண்ணிற நாண்கள். முட்டை உடைக்கும்போது அழுக்கு என்று நினைத்துச் சிலர் எடுத்தெறிவது இவற்றைத்தான். இன்னொன்று, மஞ்சளைச் சுற்றியுள்ள கெட்டி வெள்ளை. ஓவோமூசின் என்னும் புரதம் வலைபோலப் பின்னிக்கிடப்பதால்தான் அந்த வெள்ளை கெட்டியாக நிற்கிறது.

காரத்தன்மை ஏறும்போது அந்த வலை தளர்ந்து வெள்ளை நீர்த்துப்போகிறது. பழைய முட்டையைத் தாச்சியில் உடைத்தால் தண்ணீராகப் பரவுவதைப் பார்த்திருப்பீர்கள். நாண்களும் வலுவிழக்கின்றன. மஞ்சள் ஒரு பக்கம் ஒதுங்கியபடியே அவிந்துவிடும். பிளந்தால் ஒரு பக்கச் சுவர் தடிப்பாகவும் மறுபக்கம் வெங்காயத் தோல் அளவிலும் இருக்கும். நிரப்பிக் கையில் எடுக்கும்போது அந்தப் பக்கம் உடையும்.

உரிய வேண்டுமானால் வாயு போக வேண்டும். மஞ்சள் நடுவில் நிற்க வேண்டுமானால் வாயு இருக்க வேண்டும். இரண்டுக்கும் காரணம் ஒன்றே என்பதால், வயதை வைத்து இரண்டையும் ஒருசேர வெல்ல முடியாது. நான்கைந்து நாள் முட்டையை எடுத்து, முதல் நாளிரவே பக்கவாட்டில் படுக்க வைத்து, அவிக்கும்போது முதல் சில நிமிடம் அகப்பையால் மெல்ல உருட்டிவிடுவது ஒரு சமரசம். எனக்கு அதைவிடப் பிடித்த வழி, புதிய முட்டையையே எடுத்துக்கொண்டு உரியும் சிக்கலை வேறு பக்கத்திலிருந்து தீர்ப்பது.

அந்த வழி சூடு. பச்சைத் தண்ணீரில் முட்டையைப் போட்டு அடுப்பை மூட்டினால், ஓரத்து வெள்ளை மெதுவாகச் சூடேறி, சவ்வோடு ஆற அமரப் பிணைந்துகொள்கிறது. ஏற்கெனவே கொதிக்கும் நீரில் இறக்கினால், ஓரத்துப் புரதங்கள் சவ்வைப் பற்றிக்கொள்ளுமுன்பே தமக்குள் இறுகிவிடுகின்றன. கென்ஜி லோபஸ் ஆல்ட் என்ற அமெரிக்கச் சமையல் எழுத்தாளர் நூற்றுக்கணக்கான முட்டைகளை இப்படியும் அப்படியுமாக அவித்துப் பார்த்து இதே முடிவுக்கு வந்தார். கொதிநீர் வேண்டாமென்றால் ஆவியும் போதும். இட்டலிப் பானையோ இடியப்பம் அவிக்கும் பாத்திரமோ எதுவும் சரி.

தண்ணீரில் உப்புப் போடுவதைப் பற்றியும் ஒரு வரி. ஒரு லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி உப்பு, கொதிநிலையைப் பத்தில் ஒரு பாகையளவே உயர்த்தும். ஓடு வெடித்தால் வழியும் வெள்ளையை விரைவாக உறையச் செய்யும். அந்த அளவில் உப்பு நல்லது.

எல்கடுவையில் எத்தனை நிமிடம்?

தண்ணீர் கொதிப்பதென்றால் அதன் ஆவி, மேலே அழுத்தும் காற்றை எதிர்த்துக் கிளம்புவது. மலையேறினால் மேலேயுள்ள காற்று குறைகிறது. வளிமண்டல அமுக்கம் குறைகிறது. தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுகிறது. ஏறக்குறைய 300 மீற்றருக்கு ஒரு பாகை என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். கொழும்பில் 100 பாகை செல்சியஸ். எல்கடுவையில் 97. நுவரெலியாவில் 94. விறகை எவ்வளவு தள்ளினாலும் அதற்குமேல் ஏறாது. ஆவிதான் அதிகமாகப் போகும்.

1835இல் சார்ல்ஸ் டார்வின் அந்தீஸ் மலையைக் கடந்தபோது, இரவு முழுக்க நெருப்பில் இருந்த உருளைக்கிழங்கு விடிந்த பிறகும் வேகவில்லை. பானை புதியது, அதற்கு வேகவைக்க மனமில்லை என்று துணைக்கு வந்தவர்கள் முடிவுகட்டினார்களாம். எல்கடுவை அவ்வளவு உயரமில்லை. மூன்று பாகை குறைவதால் இங்கே என்ன ஆகும்?

மூன்று சதவீதம் தாமதமாகும் என்று தோன்றும். அப்படியல்ல. மஞ்சள் கருவின் வெளி விளிம்பு 77 பாகையை எட்டினால் அது கெட்டியாக அவிந்ததாகக் கொள்ளலாம். முட்டைக்குள் சூட்டைத் தள்ளுவது வெளியே உள்ள நீருக்கும் உள்ளே உள்ள கருவுக்கும் இடையிலான இடைவெளி. கடைசி நேரத்தில் அந்த இடைவெளி கொழும்பில் 23 பாகை, எல்கடுவையில் 20, நுவரெலியாவில் 17 மட்டுமே. எட்ட வேண்டிய இடத்தை நெருங்க நெருங்கத் தள்ளுவதற்கு ஆளில்லாமல் போகிறது.

இங்கிலாந்தின் எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தில் இருந்த சார்ல்ஸ் வில்லியம்ஸ் என்ற இயற்பியலாளர் முட்டை அவிவதற்கு ஒரு கணக்கு வகுத்தார். அதில் நம் எண்களைப் போட்டுப் பார்த்தேன். முட்டை 57 கிராம், அறைச் சூடு 21 பாகை. கொழும்பில் 6 நிமிடம் 25 விநாடி. எல்கடுவையில் 7 நிமிடம் 5 விநாடி. நுவரெலியாவில் 7 நிமிடம் 55 விநாடிக்குச் சற்றுக் குறைவு. எல்கடுவை வீட்டுக்காரி கொழும்பு உறவினரின் கடிகாரத்தை நம்பினால் நாற்பது விநாடி முந்திக்கொள்வாள்.

இனித்தான் சுவாரசியம். அதே எல்கடுவையில், அதே முட்டையை 4 பாகைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து நேரே எடுத்துப் போட்டால் 8 நிமிடம் 25 விநாடி ஆகிறது. குளிரால் கூடியது, மலையால் கூடிய நேரத்தைப் போல இரண்டு மடங்கு. மாறாக 40 கிராம் நாட்டுக்கோழி முட்டை என்றால் 5 நிமிடம் 35 விநாடியில் முடிந்துவிடுகிறது. கோழியின் உருவம், மூவாயிரம் அடி மலையைத் தின்று ஏப்பம் விடுகிறது. மலையில் முட்டை அவியாது என்று பேசுகிறவர்கள் முட்டையை நிறுத்துப் பார்ப்பது நல்லது.

இந்த எண்களை அப்படியே அடுப்படியில் ஒட்டிவைக்க வேண்டாம். நமக்கு மஞ்சள் மசிய வேண்டும், நடுவில் ஈரம் கூடாது. எல்லாவற்றோடும் மூன்று நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். எல்கடுவையில் நடுத்தர முட்டைக்குப் பத்து நிமிடம் என்று வரும்.

பச்சை வளையம்

அதற்குமேல் விட்டால் மஞ்சளைச் சுற்றிப் பச்சை கலந்த சாம்பல் வளையம் ஒன்று விழும். நஞ்சல்ல; பார்க்கத்தான் அசிங்கம். வெள்ளைக்கருவின் புரதங்களில் கந்தகம் உண்டு. நீடித்த சூட்டில் அது ஐதரசன் சல்பைட்டு என்ற வாயுவாகப் பிரிகிறது. அழுகிய முட்டையின் நாற்றம் அதனுடையது. மஞ்சளில் இரும்பு உண்டு. இரண்டும் சந்திக்கும் எல்லையில் இரும்புச் சல்பைட்டு படிகிறது.

இதிலும் நம் பழைய வாயுவின் கை இருக்கிறது. வெள்ளை எவ்வளவு காரமாக இருக்கிறதோ அவ்வளவு எளிதாகக் கந்தகம் பிரியும். பழைய முட்டையில் வளையம் சீக்கிரம் விழுவது அதனால்.

பத்து நிமிடம் ஆனதும் முட்டைகளைப் பீலித் தண்ணீரில் போடுங்கள். எல்கடுவை மலைநீருக்குப் பனிக்கட்டி தேவையில்லை. வெளிப்பக்கம் குளிர்ந்ததும் உள்ளேயிருக்கும் வாயு மஞ்சளை விட்டு வெளிப்புறமாக நகரும், வளையம் மட்டுப்படும். ஆறிய பிறகு பருத்த முனையில் தட்டி, காற்றறை உள்ள இடத்திலிருந்து நீருக்குள் வைத்தே உரியுங்கள்.

மசித்தல்

அவித்த மஞ்சள் கரு ஏன் பொடியாக உதிர்கிறது? மஞ்சள் கரு ஒரே திரவமல்ல. ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்களவான எண்ணற்ற சிறு கோளங்கள் நெருக்கமாக அடைந்து கிடக்கின்றன. ஓட்டுக்குள்ளேயே அவிந்தால் ஒவ்வொரு கோளமும் தனித்தனியே இறுகும். விரலிட்டால் பிரிந்து உதிரும். பச்சை மஞ்சளைக் கலக்கிவிட்டு அவித்துப் பாருங்கள், கோளங்கள் உடைந்து ரப்பர் போன்ற கட்டி கிடைக்கும். மசிக்கும்போது நாம் செய்வது, இறுகிய அந்தத் துணிக்கைகளுக்கு இடையே ஈரத்தையும் கொழுப்பையும் புகுத்துவது. சல்லடையில் ஒருமுறை தேய்த்தால் நாக்கில் மணல் தட்டாது.

மேலைநாட்டார் இதற்கு மயோனைஸ் சேர்ப்பார்கள். அது எண்ணெய்த் துளிகள் நீரில் பிரிந்து மிதக்கும் பால்மம், அதாவது கலவாத இரண்டைக் கலந்ததுபோல் நிறுத்தி வைத்த பொருள். தேங்காயின் முதற்பாலும் அப்படி ஒரு பால்மம்தான். திருகித் துவைத்துப் பிழிந்த கையோடு கிடைக்கிறது. ஆறு முட்டைக்கு மூன்று மேசைக்கரண்டி கெட்டிப் பால் போதும். மஞ்சள் கருவில் உள்ள லெசிதின், ஒரு முனையால் நீரையும் மறு முனையால் கொழுப்பையும் பிடித்துக்கொள்ளும் பொருள். கலவை பிரியாமல் நிற்க அதுவும் உதவும். தேங்காய்ப்பால் விரைவில் புளிக்கும் என்பதால் அன்றன்றே தின்றுவிட வேண்டும். அறைச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்குமேல் வைக்க வேண்டாம்.

அரை தேக்கரண்டி கடுகு அரைத்துச் சேருங்கள். முழுக் கடுகுக்குக் காட்டம் கிடையாது. அரைத்து ஈரம் பட்டால்தான் அதிலுள்ள நொதியம் வேலை செய்து மூக்கில் ஏறும் பொருளை உண்டாக்குகிறது. பச்சைத் தண்ணீரில் அரைத்து ஐந்து நிமிடம் விட்டு, பிறகு வினாகிரி ஊற்ற வேண்டும். கொதிநீரில் அரைத்தால் நொதியம் செத்துவிடும். முதலிலேயே வினாகிரி ஊற்றினாலும் அது சோம்பிவிடும்.

உறைப்பைப் பற்றி மாத்தளைக்காரருக்குப் பாடம் எடுக்கக் கூடாது. ஆனாலும் ஒரு சங்கதி. மிளகும் கொச்சிக்காயும் வேறு வேறு குடும்பம், வேறு வேறு கண்டம். கொச்சிக்காய் அமெரிக்காவிலிருந்து போர்த்துக்கேயர் காலத்தில் வந்தது. இரண்டும் தட்டுவது ஒரே கதவை. நாக்கின் நரம்பு முனைகளில், 43 பாகைக்கு மேல் சூடு பட்டால் திறக்கும் ஒரு வாசல் உண்டு. மிளகின் பிப்பரினும் கொச்சிக்காயின் கப்சாயிசினும் சூடே இல்லாமல் அதைத் திறந்துவிடுகின்றன. மூளை சுட்டது என்றே நம்புகிறது. இந்த வாசலை 1997இல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

சமையலுக்கு இதில் ஒரு பயன் உண்டு. இரண்டு பொருளும் நீரில் சரியாகக் கரையாது, கொழுப்பில் கரையும். மஞ்சளும் தேங்காய்ப்பாலும் கொழுப்பு நிறைந்தவை. அதனால் போட்டவுடன் ருசி பார்த்தால் மேலே கிடக்கும் தூள் மட்டும் சுடும். உறைப்பு கலவை முழுக்கப் பரவக் கொஞ்ச நேரம் ஆகும். கொச்சிக்காய்த் தூளையும் இடித்த மிளகையும் உப்பையும் அளவாகச் சேர்த்து, பத்து நிமிடம் மூடி வைத்துவிட்டுப் பிறகு நாக்கில் வையுங்கள். போதாவிட்டால் மட்டும் இன்னொரு சிட்டிகை. அதன்பின் வெள்ளைக் குழிகளில் நிரப்பி, மேலே கரகரப்பாக இடித்த மிளகைத் தூவுங்கள். மேலே தூவியது கொழுப்போடு கலக்காததால் கடித்த உடனே சுடும். உள்ளே இருப்பது விழுங்கிய பிறகு மெல்ல ஏறும்.